எடைக்குப் போட்டோம்

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு ப்ளாட்டுக்காக இடிபடப் போகிறது என்றால், அதன் சாமான்கள் ஒரு வரிசைப்படி வெளியேறும். வெண்கலப் பானையும் பித்தளை அண்டாவும் பங்கு பிரிக்கப்படும். ஊஞ்சல் பலகைக்கு உரிமை கேட்டு யாராவது வருவார்கள். தஞ்சாவூர்ப் படத்துக்காக அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல்கூட வரும். கூடத்து ஜன்னலோரம் நிற்கும் தையல் மெஷினை மட்டும் யாரும் கேட்பதில்லை. "அது ஓடாது, எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று ஒரு குரல் எழும். பழைய இரும்புக்காரர் மெஷினின் தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தராசில் வைப்பார். கிலோக் கணக்கில் காசு வரும். தி.நகரின் பங்களாக்கள் அடுக்குமாடியானபோதும், அடையாறு காந்தி நகரின் தனிவீடுகள் கைமாறியபோதும் இதுதான் நடந்தது. செய்தவர்கள் நாம்தான். படித்தவர்கள், பழமையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், இந்த நகரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள்.

எதை எடைக்குப் போட்டோம் என்பதையாவது இப்போது தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கறுப்பு மெஷின்களில் பல சிங்கர் நிறுவனத்தினுடையவை. மாடல் எண்ணுக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில், கில்போவி ஆலையில் செய்யப்பட்டது என்று பொருள். 15கே, 28கே, 66கே என்ற பெயர்களெல்லாம் அப்படி வந்தவை. 1885-இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலையிலிருந்து 1913-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 13 லட்சம் மெஷின்கள் வெளியே போயின. 1911-இல் அங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. மெஷினின் மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பெண்கள் 12 பேர், குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு கூடுதல் வேலை வாங்குவதை எதிர்த்து வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 11,000 தொழிலாளர்கள் வந்தார்கள். போராட்டம் தோற்றது, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆலை 1980-இல் மூடப்பட்டது. இனி அங்கிருந்து ஒரு மெஷினும் வரப்போவதில்லை. மெஷினின் அடித்தட்டில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை வைத்து அந்த எண் எந்த ஆண்டு ஒதுக்கப்பட்டது என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். நம் வீட்டில் பாட்டியின் பிறந்த ஆண்டு தெரியாத நிலையிலும், பாட்டியின் மெஷின் பிறந்த ஆண்டு அந்த இரும்பிலேயே எழுதியிருந்தது. நாம் குனிந்து பார்க்கவில்லை.

ஐசக் மெரிட் சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851-இல். அவரது கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். முழுப் பணமும் கையில் இல்லாத குடும்பத்துக்குள் இந்த யந்திரம் நுழைய முடிந்தது அதனால்தான். இந்தியாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் சிங்கர் விற்பனையைப் பரப்பியதில் பம்பாயைச் சேர்ந்த பார்சிக்காரர் நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேலுக்குப் பெரும்பங்கு உண்டு. கொழும்பில் சிங்கர் 1877-இலேயே கடை திறந்துவிட்டது. யந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்திகூட இதற்கு விலக்கு அளித்தார். 1924-இல் தில்லியில் அவரைச் சந்தித்த இளைஞர் ஜி.ராமச்சந்திரன், எல்லா யந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். சிங்கரின் தையல் மெஷினை உதாரணமாகக் காட்டி, மனிதனின் உழைப்பை எளிதாக்கும் இத்தகைய கருவியைத் தான் எதிர்க்கவில்லை என்று காந்தி விளக்கினார். பின்னாளில் டாக்டர் சௌந்தரத்தை மணந்து, அவருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர் இதே ராமச்சந்திரன்தான். காந்தி விலக்கு அளித்த யந்திரத்துக்கு நாம் ஒரு மூலையைக்கூட விலக்கி வைக்கவில்லை.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது: "ஓடாது" என்று நாம் சொன்னது பெரும்பாலும் பொய். தெரிந்து சொன்ன பொய்யில்லை என்பது உண்மைதான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொன்னோம்.

ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்த மெஷினில் முதலில் நடப்பது எண்ணெய் இறுகுவது. மெஷின் ஆயில் தீர்ந்த நாட்களில் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து விட்டவர்கள் நாம். அது நூல் தூசியோடும் பஞ்சோடும் சேர்ந்து, மூட்டுகளில் பிசின்போல் படிந்துவிடும். வீல் சுற்றாது. உடனே மெஷினே இறுகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். வேலை தெரிந்த மெக்கானிக் வீலைப் பலவந்தமாகத் திருப்ப மாட்டார். முகத்தகட்டையும் ஊசித்தகட்டையும் கழற்றுவார். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுவார். மறுநாள் வீலை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துக் கொடுப்பார். இறுகியது கரைந்து கறுப்பாக வழியும். துணியை நகர்த்தும் பல்லின் அடியில் நமுத்துப்போன பஞ்சு, கம்பளிபோல் திரண்டிருக்கும். அதை ஊசிமுனையால் கிளறி எடுத்தாலே துணி மறுபடி நகர ஆரம்பிக்கும். பிறகுதான் மெஷின் ஆயில். பெரும்பாலான "ஓடாத" மெஷின்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்.

அடுத்தது கண்ணி விழாத குறை. "தையல் விட்டுவிட்டு விழுது" என்று சொல்லி மெஷினை ஒதுக்கிவைத்த வீடுகள் எத்தனையோ. ஊசி கீழே போய்த் திரும்பி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலெழும்போது, அதன் கண்ணருகே நூல் சற்று விரிந்து ஒரு வளையமாகும். அந்தக் கணத்தில் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் புகுந்து, மேல்நூலை பாபினைச் சுற்றி இழுத்துச் செல்ல வேண்டும். அப்போதுதான் மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். ஊசி கொஞ்சம் வளைந்திருந்தாலோ, தட்டைப் பக்கம் மாறி மாட்டப்பட்டிருந்தாலோ, ஊசிக்கம்பி இம்மியளவு இறங்கியிருந்தாலோ, ஷட்டில் வரும் நேரத்தில் வளையம் அங்கே இருக்காது. ஒரு புது ஊசியில் சரியாகிவிடக்கூடிய குறையைப் பழுதென்று சொல்லி, முழு மெஷினையும் கைவிட்டோம்.

"பார்ட்ஸ் கிடைக்காதே" என்பது நாம் சொல்லும் அடுத்த சமாதானம். படகு ஷட்டில் கொண்ட மிகப் பழைய மெஷின்களைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவற்றின் நீள பாபினைத் தேடி அலைய வேண்டும். ஆனால் நம் வீடுகளில் அதிகம் இருந்த 15 வகையின் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான அந்த வடிவமைப்பைத்தான் பின்னால் உஷா, மெரிட் போன்ற கறுப்பு மெஷின்களும் பின்பற்றின. ஆகவே பாட்டியின் சிங்கருக்கான பாபின், பாபின் கேஸ், ஊசி, டென்ஷன் தகடு எல்லாம் இன்றும் சாதாரணத் தையல் சாமான் கடையிலேயே கிடைக்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய யந்திரத்துக்கு இன்று கடையில் உதிரிபாகம் வாங்க முடிவது பெரிய வரம். ஐந்து வருடத்துக்கு முந்தைய மிக்ஸிக்கு அது கிடைப்பதில்லை. கையில் இருந்த வரத்தின் மதிப்பு நமக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக ஒப்புக்கொள்ள வேண்டியது இன்னும் கசப்பானது. மெஷினை மதிக்காததற்குக் காரணம், அதில் உட்கார்ந்தவரின் உழைப்பை நாம் எண்ணாமல் விட்டதே.

1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்தியப் பெண்கள் சங்கம், எழுத்தறிவோடு தையலையும் முதலுதவியையும் வகுப்புகளாக நடத்தியது. துர்காபாய் மயிலாப்பூரில் வளர்த்தெடுத்த ஆந்திர மகிளா சபையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் ஔவை இல்லமும், கைத்தொழில் கற்ற பெண் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில் எழுந்தவை. இந்த நிறுவனங்களைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். நம் வீட்டுக் கூடத்திலேயே பாவாடை, ஜாக்கெட், தலையணை உறை, பள்ளிச் சீருடை என்று தைத்துத் தள்ளிய அம்மாவையும் அத்தையையும் பற்றி என்ன சொன்னோம்? "சும்மா இருக்க மாட்டாங்க, ஏதாவது தெச்சுக்கிட்டே இருப்பாங்க" என்றோம். அக்கம்பக்கத்து ரவிக்கைகளைத் தைத்து வந்த காசில் யாருடைய பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது என்பது வீட்டுக் கணக்கு நோட்டில் ஏறவில்லை. சம்பாதித்துக் கொடுத்த கருவியைப் பொழுதுபோக்குச் சாமான் என்று பதிவு செய்த பின், அதைப் பழுதுபார்க்கப் பணம் செலவிடுவது வீண் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆண்களின் ஸ்கூட்டர் மாதாமாதம் சர்வீஸுக்குப் போன வீட்டில், பெண்ணின் மெஷினுக்கு ஒரு பெல்ட் மாற்ற மூன்று தீபாவளி காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, மெக்கானிக்கை நடத்திய விதம்.

தோளில் ஒரு பையோடு சைக்கிளில் வருவார். பையில் ஸ்க்ரூ டிரைவர்கள், எண்ணெய்க் குப்பி, பழைய பல் துலக்கும் பிரஷ், பழைய துணி. காதை மெஷினருகே வைத்து, ஓடும் ஓசையிலேயே எந்த இடத்தில் உரசுகிறது என்று சொல்லிவிடுவார். அரை மணி நேரத்தில் சரிசெய்வார். "ஸ்க்ரூவைத் திருப்பினதுக்கா இவ்வளவு?" என்று கேட்டது நாம். எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று யோசிக்கவில்லை. அரை நாள் உட்கார்ந்து திணறியிருந்தால் கேட்காமலே அதிகம் கொடுத்திருப்போம். வேலை தெரிந்து சீக்கிரம் முடித்தது அவருக்கே பாதகமாயிற்று. தி.நகரில் ஒரு புடவைக்குப் பேரமில்லாமல் ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு, அந்தப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் மெஷினைச் சரிசெய்தவரிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டினோம். அவருடைய பிள்ளை இந்தத் தொழிலுக்கு வராமல் போனதை இப்போது குறையாகச் சொல்கிறோம். எதைப் பார்த்து வந்திருக்க வேண்டும்?

ஒரு கைத்திறன் மறைவதற்கு அந்நியப் படையெடுப்பு வேண்டாம். கூலியில் பத்தும் இருபதும் குறைத்துக்கொண்டே போனால் ஒரு தலைமுறைக்குள் அது தானே மறையும். எந்த மாடலுக்கு எந்த ஷட்டில் பொருந்தும், இறுகிய ஸ்க்ரூவை உடையாமல் எடுப்பது எப்படி, தேய்ந்த பல்லை அரத்தால் எவ்வளவு கூர்மையாக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கைகளில்தான் இருந்தன. அவர்களில் ஒருவரையாவது உட்கார வைத்து நாம் பேட்டி எடுத்து எழுதினோமா? பெண்கள் பத்திரிகைகளில் ரவிக்கைக்கு அளவெடுக்கவும் பூத்தையல் போடவும் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தோம். மெஷினுக்கு எண்ணெய் விடும் முறையை ஒரு பக்கத்தில் சொல்லியிருக்கலாம். எழுதுகிற எங்களுக்கும் இந்தக் குற்றத்தில் பங்கிருக்கிறது.

நான்காவது, 2015 டிசம்பர். அடையாறு கரைபுரண்ட அந்த நாட்களில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு பகுதிகளின் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. வடிந்த பின் தெருவோரங்களில் மெத்தையும் ஃப்ரிட்ஜும் புத்தகங்களும் மலைபோல் குவிந்தன. அவற்றோடு சேற்றில் முங்கிய தையல் மெஷின்களும் போயின. மெத்தையைக் காப்பாற்றியிருக்க முடியாது. வார்ப்பிரும்பு மெஷினைக் காப்பாற்றியிருக்கலாம். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, துடைத்து, துரு ஏறுவதற்குள் மண்ணெண்ணெயிலும் எண்ணெயிலும் நனைத்து வைத்திருந்தால், மோட்டார் இல்லாத கால்மெஷின் பெரும்பாலும் பிழைத்திருக்கும். சோற்றுப் பொட்டலமும் போர்வையும் சுமந்து ஓடிய அந்த வாரங்களில் இந்த நகரம் பெரிய மனதோடு நடந்துகொண்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆற்றங்கரைக் குடியிருப்பில் தைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு அடுத்த மாதத்துச் சோறு அந்த மெஷின்தான் என்று நமக்குத் தோன்றவில்லை. ஒரு மெக்கானிக்கையும் நான்கு லிட்டர் மண்ணெண்ணெயையும் தெருமுனையில் உட்கார வைக்கும் யோசனை நிவாரணப் பட்டியல் எழுதிய நம் யாருக்கும் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் வந்தது. எட்டு ஆண்டுகளில் நாம் கற்றிருக்க வேண்டும்.

ஐந்தாவது, நம் தர்மத்தின் குறை. தமிழ்நாட்டில் தையல் மெஷினைப் போல் மேடையேறிய யந்திரம் வேறில்லை. கட்சிக் கூட்டமோ, ரோட்டரி சங்க விழாவோ, கோயில் கும்பாபிஷேகமோ, "நலத்திட்ட உதவிகள்" என்றால் ஏழைப் பெண்ணுக்கு ஒரு தையல் மெஷின் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசே இலவசத் தையல் மெஷின் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. இவை பல பெண்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் கொடுத்த மெஷின் ஆறு மாதத்தில் நூல் அறுக்க ஆரம்பித்தால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? விழாக்களில் புது மெஷினோடு படம் எடுத்துக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர் மறு வருடம் போய் "ஓடுகிறதா?" என்று கேட்டோம்? நன்கொடை வாங்கிப் புது மெஷின் வாங்கிய அதே வாரத்தில், நம் மாடியில் ஒரு நல்ல இரும்பு மெஷின் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சரிசெய்து கொடுத்திருந்தால் ஒரு பெண்ணுக்கு மெஷினும் ஒரு மெக்கானிக்குக்குக் கூலியும் கிடைத்திருக்கும்.

ஆறாவது, பழமையை நேசிப்பதாகச் சொல்லும் நம்முடைய நேசத்தின் தன்மை. 2004-இலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறோம். மாட வீதிகளில் நடக்கிறோம்; கோபுரம், தெப்பக்குளம், திண்ணை வீடு, ஜவுளிக்கடை, காபிக்கடை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று கதை கேட்கிறோம். குறுகிய கடையில், நான்கு தலைமுறை மெஷின்களுக்கு நடுவே எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பவர் முன் நின்றோமா? மெஷினின் இரும்பு ஸ்டாண்டு அழகாக இருக்கிறது என்று தலையைக் கழற்றி எறிந்துவிட்டு, மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கினோம். உணவகங்களின் அலங்காரத்துக்கு அனுப்பினோம். வேறு சிலர் "புதுசுபோல ஆக்கிக் கொடுங்க" என்று கேட்டு, கறுப்பு ஸ்ப்ரே அடிக்க வைத்தார்கள். மெஷின் மேலிருக்கும் பொன்னிற ஓவியங்கள், ஸ்பிங்க்ஸ் உருவம், கொடிப்பூக்கள் எல்லாம் அரக்குப் பூச்சின் கீழ் இருப்பவை. தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் கரைந்துவிடும். உப்புத்தாள் பட்டால் போய்விடும். மென்மையான துணியும் மெஷின் ஆயிலும் பொறுமையும் போதுமாயிருந்த இடத்தில் பெயின்ட் டப்பாவைத் திறந்தோம்.

2009-இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மெஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற அபூர்வப் பொருள் இருப்பதாக ஒரு புரளி கிளம்பி, அவற்றின் விலை திடீரென்று லட்சங்களுக்கு ஏறியது. உள்ளே அப்படி எதுவும் இல்லை. இரிடியம் மோசடிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதுமில்லை. உண்மையில் அந்த மெஷினுக்குள் இருப்பது மிகத் துல்லியமாகக் கடைந்த எஃகு. கழற்றவும் மாட்டவும் பழுதுபார்க்கவும் ஏற்றபடி ஒருவர் யோசித்துச் செய்த வேலை அது. கற்பனைப் பாதரசத்துக்கு லட்சம் கொடுக்க ஆள் இருந்த உலகில், இந்த மெய்யான மதிப்புக்கு நாம் கிலோ விலை வைத்தோம்.

ஒப்புக்கொள்வது மட்டும் போதாது. வேறு ஊர்கள் என்ன செய்தன என்று பார்த்தாவது வெட்கப்படலாம். வியன்னா நகரம் 2020-இல், பழுதுபார்க்கும் செலவில் பாதியை, 100 யூரோ வரை, தன் மக்களுக்குத் தானே ஏற்கத் தொடங்கியது. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' இயக்கத்தைப் பின்பற்றிப் பெங்களூரு 2015 முதல் பழுதுபார்க்கும் சந்திப்புகளை நடத்துகிறது. லண்டனில் தையல் மெஷின்களுக்கென்று ஒரு தனியார் அருங்காட்சியகமே இருக்கிறது. இந்திய அரசும் 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. உரிமை சட்டமாக வரட்டும். சரிசெய்யத் தெரிந்த கை இல்லாத ஊரில் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

மயிலாப்பூரின் கல்யாண மண்டபங்கள் ஆடி மாதத்தில் காலியாகத்தான் கிடக்கின்றன. ஒரு மண்டபத்தில் ஒரு ஞாயிறு, மெக்கானிக்குகளை உரிய கூலி கொடுத்து அழைக்கலாம். வீட்டு மூலைகளில் கிடக்கும் மெஷின்களைக் கொண்டுவரச் சொல்லலாம். சரிசெய்த பின் வைத்துக்கொள்ள விருப்பமில்லாதவர்கள், தைத்துப் பிழைக்க விரும்பும் பெண்ணுக்குக் கொடுக்கட்டும். ஒவ்வொரு மெஷினோடும் அதை ஓட்டியவரின் பெயர், வாங்கிய ஆண்டு, அதில் தைத்து யாரைப் படிக்க வைத்தார் என்ற குறிப்பு எழுதப்படட்டும். வேலை நடக்கும்போது சில இளைஞர்களும் இளம்பெண்களும் மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கற்கட்டும். அதற்காக அவர்களுக்கு உதவித்தொகையை நாம் சேர்த்துத் தரலாம். அடையாற்றின் கல்லூரிகளிலும் தி.நகரின் பள்ளிகளிலும் தொழிற்கல்வி என்ற பெயரில் ஒரு பாடவேளை இருக்கிறது. அதில் ஒரு மெஷினைப் பிரித்து மாட்டச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு மாணவி ஷட்டில் நூல் வளையத்தைப் பிடிப்பதை ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டால், பௌதிகப் பாடப்புத்தகம் வேறு கண்ணால் படிக்கப்படும்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி வேண்டாம். வேண்டியது, இதுவரை நாம் கொடுக்க மறுத்த மூன்று: மெஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய், அதில் உட்கார்ந்தவருக்கு வீட்டுக் கணக்கில் ஒரு வரி, அதைச் சரிசெய்பவருக்குப் பேரமில்லாத கூலி. முதல் இரண்டைத் தாமதமாகக் கொடுத்தாலும் பயன் உண்டு. மூன்றாவதற்கு அவகாசம் இல்லை. வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்த வாரமே உங்கள் தெருவில் எஞ்சியிருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் போங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள். அவர் வேலை செய்யும்போது உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.